ஊர் நிலத்தை விற்க புரோக்கர் பிடிப்பது: கலிஃபோர்னியா கவுன்சிலுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

இங்கே நம்ம ஆட்கள் பள்ளி போர்டு, பிளானிங் கமிஷன், சிட்டி கவுன்சில் என்று ஒவ்வொன்றாக நுழைய ஆரம்பித்துவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் பதவியேற்று ஆறு மாதம் ஆவதற்குள் உங்கள் முன்னால் ஒரு உபரி நிலம் வந்து நிற்கும். பழைய தீயணைப்பு நிலையம், மூடிப்போன நூலகக் கட்டிடம், குப்பை லாரிகள் நின்ற யார்டு, இப்படி ஏதாவது ஒன்று. பட்ஜெட்டில் துண்டு விழும், யாராவது ஒருவர் "அதை வித்துடலாமே, ஒரு நல்ல புரோக்கரைப் பிடிப்போம்" என்பார், எல்லோரும் தலையாட்டுவார்கள்.

அங்கேயே கொஞ்சம் நிறுத்துங்கள். புரோக்கரைத் தேர்ந்தெடுப்பது இந்த வரிசையில் நான்காவதோ ஐந்தாவதோ வரவேண்டிய வேலை. அதை முதல் வேலையாகச் செய்த ஊர்கள்தான் பின்னால் வக்கீலுக்கு அழுதிருக்கின்றன. நான் ஒரு சின்ன ஊரின் நிதிக்குழுவில் சில வருஷம் உட்கார்ந்தவன், கவுன்சிலர் இல்லை, வக்கீலும் இல்லை. பார்த்ததையும் சட்டத்தில் உள்ளதையும் சேர்த்து எழுதுகிறேன். உங்கள் சிட்டி அட்டர்னி, அதாவது நகரத்தின் வக்கீல், வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

முதலில் நிலத்தைப் பாருங்கள், அப்புறம் ஆளை

ஒவ்வொரு நகரமும் தன்னிடம் இருக்கும் உபரி நிலங்களை வருஷம் முடியும்போது பட்டியல் போட்டு, ஏப்ரல் 1-க்குள் மாநில வீட்டுவசதித் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். எச்.சி.டி. என்று எல்லோரும் சொல்வது இந்தத் துறையைத்தான். அந்தப் பட்டியலை ஊழியர்களிடம் கேட்டு வாங்குங்கள். விற்கப்போவதாகப் பேசுகிற நிலம் அதில் இருக்கிறதா, இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்டாலே பாதிக் கதை வெளியே வந்துவிடும்.

அடுத்து பத்திரம். ஊரில் இடம் வாங்கும்போது நாம் வில்லங்கம் போட்டுப் பார்ப்போம் அல்லவா, அதேதான். டைட்டில் ரிப்போர்ட் ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். அந்த நிலம் நகரத்துக்கு எப்படி வந்தது? யாரோ ஒரு குடும்பம் பூங்காவுக்கென்று நிபந்தனையோடு எழுதிக்கொடுத்ததா? சாக்கடைக் கட்டண நிதியில் வாங்கியதா? அப்படியானால் விற்ற பணமும் அந்தக் கணக்குக்கே திரும்ப வேண்டியிருக்கும், பொது பட்ஜெட்டின் ஓட்டையை அது அடைக்காது. இது தெரியாமல் ஆறு மாதம் விற்பனை வேலை பார்த்துவிட்டுக் கடைசியில் கையைப் பிசைவது நடக்கிற விஷயம்தான்.

லாரி யார்டு, பெட்ரோல் பம்ப் இருந்த இடம் என்றால் மண்ணுக்கடியில் பழைய டேங்க் இருக்கலாம். ‘ஃபேஸ் ஒன்’ எனப்படும் சுற்றுச்சூழல் ஆய்வுக்குச் சில ஆயிரம் டாலர்தான். நீங்கள் செய்யாவிட்டால் வாங்குகிறவர் செய்வார், அதைக் காட்டியே விலையையும் குறைப்பார்.

இன்னொன்று: விற்பனை ஊரின் பொதுத் திட்டத்தோடு (எங்கே என்ன வரலாம் என்று நகரம் வைத்திருக்கும் ‘ஜெனரல் பிளான்’) ஒத்துப்போகிறதா என்று பிளானிங் கமிஷனிடம் அறிக்கை கேட்க வேண்டும். அவர்களுக்கு 40 நாள் உண்டு. சடங்கு மாதிரிதான் தெரியும், ஆனால் செய்யாமல் விட்டால் எதிர்ப்பவர்களுக்கு நீங்களே கையில் கம்பைக் கொடுத்த மாதிரி.

உபரி என்று முறையாக அறிவிக்காமல் யாரிடமும் விலை பேசாதீர்கள்

கலிஃபோர்னியாவில் ‘சர்ப்ளஸ் லேண்ட் ஆக்ட்’ என்று ஒரு சட்டம் இருக்கிறது. 1960-களிலிருந்தே இருந்தாலும் அதற்குப் பல் முளைத்தது 2019-ல் வந்த திருத்தத்தில்தான், 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சாரம் இதுதான்: பொது நிலம் உபரியானால் முதல் வாய்ப்பு மலிவு வீடு கட்டுகிறவர்களுக்கு. பூங்கா, பள்ளி அமைப்புகளுக்கும் அறிவிப்புப் போகவேண்டும். அதற்கு அப்புறம்தான் வெளிச் சந்தை.

முறை இப்படி. கவுன்சில் தன் வழக்கமான பொதுக் கூட்டத்தில் "இந்த நிலம் நகரத்தின் பயன்பாட்டுக்குத் தேவையில்லை" என்று தீர்மானம் போட வேண்டும், காரணத்தை எழுத்தில் வைத்து. கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னால் அஜெண்டா ஒட்டியிருக்க வேண்டும். அப்புறம் நிலம் கிடைக்கிறது என்ற அறிவிப்பைச் சட்டம் சொல்கிற எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். விருப்பம் தெரிவிக்க அவர்களுக்கு 60 நாள். யாராவது கை தூக்கினால் அவர்களோடு குறைந்தது 90 நாள் நல்லெண்ணத்தோடு பேச வேண்டும், பேசுகிற மாதிரி நடிக்கக்கூடாது. கட்டப்போகிற வீடுகளில் குறைந்தது 25 சதவீதத்தைக் குறைந்த வருமானக்காரர்களுக்கு ஒதுக்குகிறவர்தான் முன்னுரிமை வரிசையில் நிற்க முடியும், பலர் வந்தால் அதிக மலிவு வீடு தருகிறவருக்கு முதலிடம். விலை ஒத்துவரவில்லை என்றால் நகரம் விற்றே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. பேசியாக வேண்டும் என்பதுதான் கட்டாயம்.

உபரி நிலத்திலும் சில வகைகளுக்கு விலக்கு உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் தவிர வேறு யாருக்கும் உதவாத துண்டு நிலம் போன்றவை. ஆனால் விலக்கு என்று முடிவு செய்வதற்கும் எழுத்தில் முறையான அறிவிப்பு வேண்டும், வாய்ச்சொல் செல்லாது.

சரி, இதற்கும் புரோக்கருக்கும் என்ன சம்பந்தம்? நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. அறிவிப்பு அனுப்புவதற்கு முன்னால் நகரம் விற்பனைப் பேச்சில் இறங்கக்கூடாது. எது பேச்சு, எது பேச்சு இல்லை என்றும் சட்டமே பிரித்துச் சொல்கிறது: மதிப்பீடு செய்யச் சொல்வது, தகுதி விவரம் கேட்டு அழைப்பு விடுவது, விளம்பரத் தாள் தயாரிப்பது, இவை பேச்சு ஆகாது. வாங்கப்போகிற யாருக்காகவும் வேலை செய்யாத புரோக்கரோடு ஆலோசிப்பதும் ஆகாது. அந்த "யாருக்காகவும் வேலை செய்யாத" என்ற இடத்தில் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் புரோக்கர் தன் பழைய வாடிக்கையாளரான பில்டருக்குப் போன் போட்டு "இப்படி ஒரு இடம் வரப்போகுது" என்று பேரம் ஆரம்பித்தால், அது உங்கள் சார்பில் நடந்த பேச்சு. எனவே முன்கூட்டியே ஆளை நியமித்தாலும், நகரம் எழுத்தில் சொல்லும்வரை வாங்குபவர் யாரையும் தொடர்புகொள்ளக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும்.

"இதெல்லாம் யார் பார்க்கப்போறா?" என்று கேட்கிற சக கவுன்சிலர் ஒருவர் எப்போதும் இருப்பார். அவருக்கு அனஹைம் நகரத்தின் கதையைச் சொல்லுங்கள். ஏஞ்சல்ஸ் பேஸ்பால் ஸ்டேடியமும் சுற்றியுள்ள சுமார் 150 ஏக்கரும் 320 மில்லியன் டாலருக்குக் கைமாறப் போவதாக இருந்தது. சட்டத்தை மீறிவிட்டீர்கள் என்று எச்.சி.டி. 2021 டிசம்பரில் நோட்டீஸ் விட்டது. 2022 ஏப்ரலில் 96 மில்லியனை மலிவு வீடுகளுக்கு ஒதுக்குவதாகச் சமரசம் வந்தது. 320-ல் 30 சதவீதம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக 96. முதல் முறை மீறலுக்குச் சட்டம் வைத்திருக்கிற அபராதமே விற்பனை விலையில் 30 சதவீதம்தான், அடுத்த முறை 50. அது அடங்குவதற்குள் மே மாதம் மேயர் மீதான எஃப்.பி.ஐ. விசாரணை வெளியே வந்து, அவர் பதவி விலகி, கவுன்சில் விற்பனையையே ரத்து செய்துவிட்டது.

புரோக்கர் வேண்டுமா என்பதே ஒரு கேள்வி

புரோக்கர் என்றதும் நமக்கு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கும் ஆள்தான் ஞாபகத்துக்கு வருவார். இங்கே சூட் போட்டுக்கொண்டு ஸ்லைடு காட்டுவார். இரண்டு பக்கமும் வாங்குவது இங்கேயும் உண்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு செய்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர் மட்டுமே வாங்கக்கூடிய துண்டு என்றால் புரோக்கர் எதற்கு? அறிவிப்புக் கட்டத்திலேயே லாப நோக்கில்லாத வீட்டு அமைப்பு ஒன்று கை தூக்கும் என்று நிச்சயமாகத் தெரிந்தால் அங்கேயும் கமிஷன் புரோக்கர் தேவையில்லை. பேரத்தை நன்றாகப் பேசத் தெரிந்த ஆலோசகரை மணிக்கணக்கில் கூலி பேசி வைத்துக்கொண்டால் போதும். கடைவீதி இடம், அலுவலகக் கட்டிடம், வெளியூர் முதலீட்டாளர்களைத் தேடிப்பிடிக்க வேண்டிய பெரிய நிலம், இவற்றில்தான் நல்ல புரோக்கர் தன் சம்பளத்துக்கு மேலேயே சம்பாதித்துக் கொடுப்பார்.

எந்த வழியானாலும் விலையைப் புரோக்கரிடம் கேட்காதீர்கள். நிலம் விற்றால்தான் அவருக்குக் காசு. விற்றாலும் விற்காவிட்டாலும் ஒரே கூலி வாங்குகிற லைசென்ஸ் உள்ள மதிப்பீட்டாளரிடம் தனியாக மதிப்பு வாங்குங்கள். இந்த அறிக்கை கையில் இல்லாமல் புரோக்கரைச் சந்திக்கப் போவது, மார்க்கெட் விலை தெரியாமல் நகைக்கடைக்குப் போவது மாதிரி.

அழைப்பு எப்படி எழுதுவது

ஊழியர்கள் ஒரு பழைய ஆர்.எஃப்.பி. (வேலைக்கு விண்ணப்பம் கேட்டு நகரம் விடும் அழைப்பு) படிவத்தை எடுத்து பெயரை மட்டும் மாற்றிக் கொண்டுவருவார்கள். அதில் "நிறுவனத்தின் அனுபவம்" என்று இருக்கும், பதிலாக நாற்பது பக்கத்துக்குப் பளபளப்பான படங்கள் வரும். அதை ஒதுக்கிவிட்டு நாலே விஷயம் கேளுங்கள். கடந்த ஐந்து வருஷத்தில் பொது நிலம் எத்தனை விற்றீர்கள், அதில் உபரி நிலச் சட்டத்தின்படி நடந்தது எத்தனை. எங்கள் நிலத்தில் தினமும் வேலை செய்யப்போவது யார், நேர்காணலுக்கு வருகிற பெரிய ஆளா, அவருக்குக் கீழே இருக்கிற பையனா. இந்தச் சுற்றுவட்டாரத்தில் இப்போது யார் யாருக்காக வேலை செய்கிறீர்கள். கமிஷன் எப்படி.

லைசென்ஸைச் சரிபார்ப்பது ஐந்து நிமிட வேலை. மாநில ரியல் எஸ்டேட் துறையின் தளத்தில் பெயரைப் போட்டால் புரோக்கர் லைசென்ஸா, புரோக்கருக்குக் கீழே வேலை செய்யும் சேல்ஸ்பர்சன் லைசென்ஸா, ஒழுங்கு நடவடிக்கை ஏதாவது இருக்கிறதா எல்லாம் வரும். ஒரு ஊரில் நேர்காணல் முடிந்த பிறகுதான் இதைப் பார்த்தார்கள். முதலில் பாருங்கள்.

மதிப்பெண் தாளைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. குறைந்த கமிஷனுக்கு அதிக மார்க் போடாதீர்கள். ஒரு சதவீதம் குறைவாகக் கேட்டவர் அந்த ஒரு சதவீதத்துக்கான உழைப்பையும் குறைத்துக்கொள்வார். 100-க்கு 15, 20 மார்க்குக்கு மேல் கட்டணத்துக்கு வேண்டாம்.

நேர்காணல்: மூன்று மூடிகளின் கதை

எங்கள் குழுவில் ஒருமுறை மூன்று பேரைக் கூப்பிட்டிருந்தோம், ஆளுக்கு 45 நிமிடம். முதலில் வந்தவர் டிரோன் வீடியோ போட்டார். இசையெல்லாம் பிரமாதம். ஆனால் அதில் மின்னியது எங்கள் நிலம் இல்லை, தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த தனியார் நிலம். யாரும் வாயைத் திறக்கவில்லை, சங்கடமாக இருந்தது. இரண்டாவது ஆள் மோசமில்லை, ஒன்றும் நினைவிலும் இல்லை. மூன்றாவதாக வந்த அம்மா ஸ்லைடே கொண்டுவரவில்லை. முந்தின நாள் நிலத்தில் நடந்து பார்த்ததாகச் சொல்லி, போனில் ஒரு போட்டோவைக் காட்டினார். புல்லுக்குள் பாதி மறைந்த மூன்று இரும்பு மூடிகள், ஒரே நேர்கோட்டில், நிலத்தின் நட்டநடுவே. "அடியில் மழைநீர்க் குழாய் போகிறது, அதன் மேல் கட்டிடம் கட்ட முடியாது, நகரத்துக்கு அதில் ஈஸ்மென்ட், அதாவது குழாய்க்கான பாதை உரிமை, இருக்கிறதா?" என்று கேட்டார். எங்கள் ஊழியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் மார்க் போடும் தாளைக் கீழே வைத்துவிட்டேன், அப்புறம் போட என்ன இருக்கிறது.

ஆகவே எல்லோரிடமும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: நிலத்தில் நடந்தீர்களா, என்ன பார்த்தீர்கள்? இரண்டாவது: "இப்போது விற்காதீர்கள்" என்று எப்போதாவது ஒரு வாடிக்கையாளரிடம் சொன்னதுண்டா? இந்தக் கேள்விக்கு நெளிகிறவரை நான் எடுக்க மாட்டேன்.

கமிஷன் கணக்கும் வால் பகுதியும்

ஒரு கணக்குப் போடுவோம். நிலம் பொறுமையாக விற்றால் 8 மில்லியன் போகும், அவசரமாக விற்றால் 7. கமிஷன் 3 சதவீதம். பொறுமையாக விற்றால் புரோக்கருக்கு 2,40,000 டாலர், அவசரமாக விற்றால் 2,10,000. நகரத்துக்கு நஷ்டம் ஒரு மில்லியன், அவருக்குக் குறைவது 30,000. அந்த 30,000-க்காக இன்னும் எட்டு மாதம் அலைவாரா? அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, நீங்களும் நானும் அவர் இடத்தில் இருந்தால் அதையேதான் செய்வோம். அதனால் மதிப்பீட்டு விலை வரை குறைந்த சதவீதம், அதற்கு மேல் வருகிற ஒவ்வொரு டாலருக்கும் கூடுதல் சதவீதம் என்று படிக்கட்டாக வையுங்கள். கவுன்சில் கடைசியில் விற்க வேண்டாம் என்று முடிவெடுத்தால் தரவேண்டிய ஒரு சின்ன நிலையான தொகையையும் எழுதிவிடுங்கள். அப்போதுதான் "விற்காதீர்கள்" என்று சொல்ல அவருக்கு வாய் வரும்.

ஒப்பந்த வகையைக் கவனியுங்கள். ‘எக்ஸ்க்ளூசிவ் ரைட் டு செல்’ என்றால் வாங்குபவரை யார் கொண்டுவந்தாலும், நீங்களே கொண்டுவந்தாலும், அவருக்குக் கமிஷன். ‘எக்ஸ்க்ளூசிவ் ஏஜென்சி’ என்றால் நகரம் தானாகக் கண்டுபிடித்து விற்றதற்குக் கமிஷன் கிடையாது. பிரத்தியேக ஒப்பந்தம் எதுவானாலும் முடிவுத் தேதி குறிப்பிட்டிருக்க வேண்டும், அது மாநிலச் சட்டம். ஆனால் தேதிக்குப் பின்னால் ஒரு வால் இருக்கும்: ஒப்பந்தம் முடிந்து இத்தனை நாளுக்குள் தான் அறிமுகப்படுத்தியவர் வாங்கினால் தனக்குக் கமிஷன் என்று. வால் நியாயமானதுதான், நீளமும் பெயர்ப்பட்டியலும்தான் பிரச்சினை. 90 நாளுக்கு மேல் விடாதீர்கள், ஒப்பந்தம் முடிகிற அன்றே பெயர்ப்பட்டியலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியம், யாரும் சொல்லாதது: உபரி நில அறிவிப்புக்குப் பதில் தந்து வருகிறவர்களுக்கு விற்றால் கமிஷன் இல்லை, அல்லது மிகக் குறைவு என்று தனியாக விலக்கு எழுதுங்கள். அவர்களைக் கூட்டிவந்தது உங்கள் ஊழியர் அனுப்பிய மின்னஞ்சல். நான் அறிந்த ஒரு ஊரில் இந்த வரி விடுபட்டுப்போய், லாப நோக்கில்லாத வீட்டு அமைப்பு ஒன்று வாங்கிய நிலத்துக்கு, அதன் பிரதிநிதியை ஒருமுறைகூடச் சந்திக்காத புரோக்கர் முழுக் கமிஷன் கேட்டார். இரண்டு மாதம் கடிதப் போக்குவரத்து, கடைசியில் ஒரு பகுதியைக் கொடுத்துத் தீர்த்தார்கள். அந்தப் பணத்தில் ஒரு குடும்பத்துக்கு அடுக்களையும் கூடமுமாவது கட்டியிருக்கலாம்.

இரண்டு பக்க வேலையை, அதாவது வாங்குபவருக்கும் அவரே ஏஜென்ட்டாக இருப்பதை, கலிஃபோர்னியா சட்டம் இரு தரப்பின் சம்மதத்தோடு அனுமதிக்கிறது. பொது நிலத்தில் அதற்குச் சம்மதிக்காதீர்கள். அதே நிறுவனத்தின் வேறு ஏஜென்ட் என்றாலும் கூடாது.

உங்கள் கை சுத்தமா என்றும் பாருங்கள்

அரசுச் சட்டத் தொகுப்பின் 1090-வது பிரிவு கவுன்சிலர்களுக்குப் புலி மாதிரி. ஒப்பந்தத்தில் உங்களுக்குப் பண ஆதாயம் இருந்தால் எழுந்து வெளியே போய் நின்றால் மட்டும் போதாது, சில சின்ன விலக்குகள் தவிர மொத்தக் கவுன்சிலும் அந்த ஒப்பந்தத்தைச் செய்யக்கூடாது. செய்தால் செல்லாது. மனைவியோ கணவரோ அந்தத் தரகு நிறுவனத்தில் வேலை செய்கிறார் என்றால் முதல் நாளே அட்டர்னியிடம் போங்கள். நம்ம சமூகத்தில் வீட்டுக்கு ஒரு ரியல் எஸ்டேட் லைசென்ஸ் இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

தேர்தல் நன்கொடையும் அப்படித்தான். ‘லெவின் சட்டம்’ 2023 முதல் கவுன்சிலர்களுக்கும் பொருந்துகிறது. ஒப்பந்தம் கேட்டு வந்திருக்கும் நிறுவனத்திடம் கடந்த 12 மாதத்தில் 500 டாலருக்கு மேல் வாங்கியிருந்தால் அந்த முடிவில் கலந்துகொள்ள முடியாது. 2025-க்கு முன் அந்த வரம்பு 250 ஆக இருந்தது.

வாக்களிக்கும் நாளும் அதற்குப் பிறகும்

விலையும் பணம் செலுத்தும் விதமும் மட்டும்தான் மூடிய அமர்வில் பேசலாம். அதற்குள் போகுமுன் எந்த நிலம், நகரத்துக்காகப் பேசுபவர் யார், எதிரே யார் என்று பொதுவில் சொல்ல வேண்டும். புரோக்கரை நியமிக்கிற ஒப்பந்தம் பொது அஜெண்டாவில் வரவேண்டியது. பெரும்பாலும் அதை ‘கன்சென்ட் காலண்டர்’ பட்டியலில், நடைபாதை ரிப்பேருக்கும் போன கூட்டத்தின் குறிப்புக்கும் நடுவில் செருகியிருப்பார்கள், மொத்தமாக ஒரே ஓட்டில் போய்விடும். அதைத் தனியாக எடுக்கச் சொல்ல ஒரு கவுன்சிலர் போதும்.

விளம்பரம் போகுமுன் வரைவைப் படியுங்கள். அறிவிப்புக் கட்டத்தில் யாரும் வராமல் வெளிச் சந்தைக்குப் போனாலும், அங்கே பத்து வீடோ அதற்கு மேலோ கட்டினால் 15 சதவீதம் மலிவு வீடாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தோடு பதிவாகும். இதைப் புரோக்கர் தன் தாளில் சின்ன எழுத்தில்கூடப் போடாமல் விட்டால், விலை பேசி முடித்த பிறகு வாங்குபவர் தெரிந்துகொண்டு குறைக்கச் சொல்வார். விற்பனை விதிகளை இறுதி செய்யுமுன் எச்.சி.டி.க்கு ஆவணங்களை அனுப்ப வேண்டும், அவர்கள் பார்க்க 30 நாள். அந்த 30 நாளை எஸ்க்ரோ (பணமும் பத்திரமும் கைமாறும்வரை மூன்றாம் ஆள் வைத்திருக்கும் ஏற்பாடு) அட்டவணையில் முதலிலேயே போட்டு வையுங்கள், புரோக்கர்கள் இதை மறப்பதில் வல்லவர்கள்.

எஸ்க்ரோ முடிந்ததும் கணக்குத் தாள் வரும். அதில் கமிஷன் வரியை எடுத்து ஒப்பந்தத்தின் படிக்கட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள், மதிப்பீட்டு விலை வரை ஒரு சதவீதம், மேலே இன்னொன்று என்று நாம் எழுதியதை, டைட்டில் கம்பெனி ஆள் மொத்த விலைக்கும் பெரிய சதவீதத்தையே போட்டு அடித்திருக்க வாய்ப்பு உண்டு. நீங்கள் கவுன்சிலர் இல்லை, ஊர்க்காரர் மட்டும்தான் என்றால், பொது ஆவணச் சட்டத்தின் கீழ் அந்தத் தாளைக் கேட்டு சிட்டி கிளார்க்குக்கு இரண்டு வரி எழுதுங்கள். தர முடியுமா இல்லையா என்று 10 நாளுக்குள் அவர் சொல்லியாக வேண்டும்.